கண்ணியமும் ஒரு ஹக்கு

ஒரு போர் முடிந்திருந்தது. வெற்றி முஸ்லிம்களுக்குக் கிட்டியிருந்தது. கனீமத் பொருள்களும் வந்து சேர்ந்துவிட்டன. அந்த மகிழ்ச்சிக்கிடையே கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் தோழர்களை நோக்கி, உங்களில் எவரையேனும் காணவில்லையா என வினவினார்கள். ஆம், இன்னாரையும் இன்னாரையும் காணவில்லை என்று தோழர்கள் சில பெயர்களைச் சொன்னார்கள். பெருமானார் அவர்கள் அதே கேள்வியை மீண்டும் கேட்டார்கள். மீண்டும் சில பெயர்கள் சொல்லப்பட்டன. மூன்றாம் முறையும் கேட்டார்கள். இனி எவருமில்லை என்று பதில் வந்தது. அப்போதுதான் நாயகம் அவர்கள், தமக்கு ஜுலைபீபைக் காணவில்லையே என்றார்கள்.

தேடிப் போனார்கள். எதிரிகளில் ஏழு பேரை வீழ்த்திவிட்டு, அவர்களுக்கு அருகிலேயே ஷஹீதாகிக் கிடந்தார் ஜுலைபீப் (ரலி). நாயகம் அவர்கள் அவரருகே வந்து நின்று, இவர் என்னைச் சேர்ந்தவர், நான் இவரைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் அருளினார்கள். பின்னர் தம் இரு கரங்களிலேயே அவரை ஏந்திக்கொண்டார்கள். குழி தோண்டி முடியும்வரை அவருக்குக் கட்டிலாக இருந்தவை பெருமானாரின் கரங்கள் மட்டுமே. ஹஜ்ரத் அபூபர்ஸா அல்அஸ்லமி (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இந்த ஹதீஸை ஷஹாதத்தின் சிறப்புக்காக ஓதிக் கேட்டிருப்போம். இன்று வேறோர் இடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். மூன்று முறை கேட்டும் அந்தப் பெயர் ஏன் எவருடைய வாயிலும் வரவில்லை? கேட்கப்பட்டவர்கள் சாதாரண மக்கள் அல்லர், ஸஹாபாப் பெருமக்கள். அவர்களில் எவரும் ஜுலைபீபை வெறுத்ததாக அந்த ரிவாயத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். செல்வாக்குள்ள குடும்பத்தவராக அவர் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்காக நாயகம் அவர்களே ஓர் அன்ஸாரி வீட்டில் பெண் கேட்டபோது பெற்றோர் தயங்கினார்கள் என்றும், அந்தப் பெண்மணிதான் நபியவர்களின் சொல்லை மறுப்பதா என்று முன்வந்து ஒப்புக்கொண்டார் என்றும் முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். எதிரில் இருந்தால் கண்ணில் படமாட்டார், இல்லாவிட்டால் குறையாகத் தெரியமாட்டார். இத்தகைய மனிதர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள்.

மேல்நாட்டு அரசியல் தத்துவ அறிஞர்கள் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக அங்கீகாரம் என்ற பொருளைப் பற்றி நிறையப் பேசி வருகிறார்கள். கனடா நாட்டுத் தத்துவப் பேராசிரியர் சார்லஸ் டெய்லர் 1992இல் வெளியான ஒரு நீண்ட கட்டுரையில், ஒரு மனிதனையோ ஒரு கூட்டத்தாரையோ மற்றவர்கள் உரிய மதிப்புடன் ஏற்க மறுப்பது வெறும் மரியாதைக் குறைவு அன்று, அது உண்மையாகவே ஒரு காயம் என வாதித்தார். பிறர் தன்னை இழிவாகக் காண்பதைப் பார்த்துப் பார்த்து, அவனும் தன்னை இழிந்தவன் என்றே நம்பத் தொடங்கிவிடுகிறான் என்பது அவர் சொல்லும் காரணம். அதே 1992இல் ஜெர்மானிய அறிஞர் ஆக்ஸல் ஹொன்னத், மனிதனுக்கு மூவகை அங்கீகாரம் வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். வீட்டில் பாசம், சட்டத்தின் முன் உரிமை, தன் உழைப்பாலும் திறமையாலும் சமுதாயத்தில் மதிப்பு. இம்மூன்றில் ஒன்று மறுக்கப்பட்டாலும் மனிதன் உள்ளுக்குள் முறிகிறான் என்பது அவர் கருத்து.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி 1807இல் எழுதிய ஹெகல். எஜமானன், அடிமை என்ற இருவரை வைத்து அவர் ஒரு விளக்கம் தந்தார். எஜமானன் தன்னைப் பெரியவன் என ஒருவன் ஒப்புக்கொள்ள வேண்டுமென ஆசைப்படுகிறான். அடிமையும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் அந்த அடிமையைத்தான் அவன் மனிதனாகவே எண்ணவில்லையே! தான் மதிக்காத ஒருவன் வாயிலிருந்து வரும் மதிப்பு அவனுக்கு எப்படி இனிக்கும்? நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலருக்கு எத்தனை பேர் எழுந்து நின்று ஸலாம் சொன்னாலும் மனம் நிறையாமல் இருப்பதன் ரகசியம் இதுதானோ என்று தோன்றுவதுண்டு.

ஏட்டுச் சுரைக்காயாக இதை விட்டுவிடாமல், நடந்த ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் மெம்ஃபிஸ் என்றொரு நகரம். அங்கே வீடு வீடாகச் சென்று குப்பை அள்ளும் தொழிலாளர்கள் ஏறத்தாழ எல்லோருமே கறுப்பினத்தவர். வீட்டுக் கொல்லைகளிலிருந்து குப்பைத் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டைத் தொட்டியிலிருந்து அழுகல் நீரும் புழுவும் மேலே ஒழுகும். முழு நேரம் உழைத்தும், ஏழைகளுக்கான அரசு உதவியைப் பெறும் அளவுக்கே பலருடைய கூலி இருந்தது. 1968 பிப்ரவரி 1ஆம் தேதி நல்ல மழை. இரண்டு தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்புறம் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கி இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கிவிட்டது. நிரந்தரப் பணியாளர் பட்டியலில் இல்லாதவர்கள் என்பதால் அவர்களின் குடும்பங்களுக்கு முறையான நஷ்டஈடு இல்லை. ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்து நகராட்சி கணக்கை முடித்துக்கொண்டது.

பிப்ரவரி 12ஆம் தேதி சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வு கேட்டார்கள். தங்கள் சங்கத்தை நகராட்சி அங்கீகரிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். மேயர் ஹென்றி லோப் மறுத்துவிட்டார். அவர்கள் தெருவில் அணிவகுத்தபோது கையில் பிடித்த அட்டைகளில் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்கே ஆங்கிலச் சொற்கள் இருந்தன. தமிழில் சொன்னால், ‘நான் மனிதன்தான்’. அந்தத் ‘தான்’ என்ற அழுத்தத்துக்காக ஒரு சொல்லின் கீழே கோடும் போட்டிருந்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் ஐம்பது வயது, அறுபது வயதுக் கறுப்பரைக்கூட வெள்ளையர் ‘பையா’ என்றே விளிப்பார்கள். பேரன் எடுத்தவரைப் ‘பையா’ என்பது! அதற்குப் பதிலாகத்தான் அந்த அட்டை.

அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் தேதி அந்த நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. ஏப்ரல் 16ஆம் தேதி நகராட்சி சங்கத்தை அங்கீகரித்தது. கூலியும் உயர்ந்தது.

இச்சம்பவத்தைப் படிக்கும்போது மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிய அந்தக் கறுப்பினத்தவர் நம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஆணா பெண்ணா என்று அறிவிப்பாளருக்கே ஐயம். பெண் என்றும், உம்மு மிஹ்ஜன் என்பது பெயர் என்றும் வேறு அறிவிப்புகளில் வருகிறது. இரவில் வஃபாத்தானார். தோழர்களே அடக்கிவிட்டார்கள். சில நாட்களாக அவரைக் காணாத நாயகம் அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். தோழர்கள் அந்த மரணத்தைச் சிறிய விஷயமாக எண்ணிவிட்டார்கள் போலும் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். கப்ரைக் காட்டுங்கள் என்றார்கள் பெருமானார். அங்கே சென்று ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது இந்த ஹதீஸ்.

கப்ரின் மீது தொழலாமா, எத்தனை நாள் வரை தொழலாம் என்றெல்லாம் இதை வைத்து ஃபுகஹாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அந்த மஸ்அலாக்கள் அவசியமானவையே. ஆனால் ஒரு பெருக்குபவருக்காக மனித குலத்தின் தலைவர் கப்ருஸ்தானுக்கு நடந்து போனார்கள் என்ற சங்கதி, மஸ்அலாவின் அடியில் மறைந்துவிடக் கூடாது.

நம் நாட்டில் துப்புரவுப் பணியாளர் என்றிருந்த பெயர் இப்போது தூய்மைப் பணியாளர் என்று மாறியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் காலையில் குப்பை வண்டியோடு வந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவருக்கு எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறோம்? அடுக்களையில் புழங்கும் டம்ளரிலா, அல்லது குளியலறை ஓரம் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் குவளையிலா? தாய்மார்கள் இதற்குப் பதிலைத் தம் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்ளட்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். மார்க்கம் படித்தவர்களே அதைக் கேட்பார்கள். மக்களிடம் மதிப்பை எதிர்பார்ப்பது நஃப்ஸின் நோய் அல்லவா? புகழாசையையும் முகஸ்துதியையும் கண்டித்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு கிதாபே எழுதியிருக்கிறார்களே! அல்லாஹ்விடம் மதிப்பிருந்தால் போதாதா? பிறகு அங்கீகாரம் என்று ஏன் பேசவேண்டும்?

நல்ல கேள்விதான். விடையைத் திருமறையிலிருந்தே தேடுவோம். ஆதமுடைய மக்களை நாம் கண்ணியப்படுத்தினோம் என்று அல்லாஹ் தஆலா 17ஆம் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். முஃமின்களை மட்டும் என்றில்லை, ஆதமின் மக்கள் அனைவரையுமே. ஆகவே மனிதனுக்குக் கண்ணியத்தை வழங்குவது நாம் அல்லோம். அது ஏற்கனவே வழங்கப்பட்டாயிற்று. இந்த இடத்தில்தான் ஹெகலுடைய வழியும் நம் வழியும் பிரிகின்றன. ஒருவனைப் பிறர் ஏற்றுக்கொள்வதால்தான் அவன் முழு மனிதனாகிறான் என்பது அவர் போக்கு. பிறர் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அவன் கண்ணியமானவனே என்கிறது குர்ஆன்.

அப்படியானால் பிறர் ஏற்பதற்கு என்ன வேலை? ஃபிக்ஹு கிதாபுகளில் கிதாபுல் இக்ரார் என்றொரு பாகம் உண்டு. ஓதிய ஆலிம்கள் அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். ஒருவன் இன்னாருக்கு நான் ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்று காழியின் முன் ஒப்புக்கொண்டால் அது இக்ரார். அந்தச் சொல் புதிதாக ஒரு கடனை உண்டாக்குவதில்லை. முன்பே இருக்கும் கடனை இருக்கிறது என்று அறிவிக்கிறது. கடன் இருந்தும் மறுத்தால் அது இன்கார். மறுத்ததால் கடன் அழிந்துபோவதில்லை, மறுத்தவன்தான் அநியாயக்காரன் ஆகிறான். பிற மனிதனின் கண்ணியத்தை ஏற்பதும் இப்படிப்பட்ட ஓர் இக்ரார்தான். அங்கீகாரத்துக்கு இன்றைய அரபியில் இஃதிராஃப் என்பார்கள். உங்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது நீங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று 49ஆம் அத்தியாயம் சொல்லும்போது, அந்த அறிதலுக்கு வருகின்ற சொல்லும் இதே அரஃப என்ற மூலத்திலிருந்து பிறந்ததுதான். அந்த ஆயத்துக்குச் சற்று முன்னால் பரிகாசத்தையும், பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் அல்லாஹ் தடுத்துவிட்டான். பரிகசிக்கப்படுபவன் ஒருவேளை பரிகசிப்பவனைவிடச் சிறந்தவனாக இருக்கலாம் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டான்.

எனவே விஷயம் இதுதான். என்னை மதியுங்கள் என்று நான் என் நஃப்ஸுக்காக ஏங்குவதை இமாம் கஸ்ஸாலி கண்டிக்கிறார்கள். நான் பிறனுக்குத் தரவேண்டிய மதிப்பைத் தராமல் வைத்துக்கொள்வதை அவர்களுடைய சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது. மதிக்கப்படாதவனிடம் போய், மதிப்பை எதிர்பார்க்காதே, அது ரியா, ஸப்ரு செய் என்று உபதேசிப்பவர் யார் என்று கவனித்தால், பெரும்பாலும் அவரே அவனை மதிக்காதவராக இருப்பார். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் பார்த்து, உலக ஆசையை விடு என்று பயான் செய்வது போன்றது இது.

காயம்பட்டவன் உணர்ந்தால்தான் அது காயமா? இதற்கும் குர்ஆனில் ஒரு பதில் இருக்கிறது. அபஸ சூரா இறங்கிய சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். குறைஷித் தலைவர்கள் இஸ்லாத்துக்கு வந்துவிட மாட்டார்களா என்ற ஆவலோடு பெருமானார் அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மிமக்தூம் (ரலி) வந்து குறுக்கிட்டார். திருமுகம் சற்றே சுளித்தது. வேறு பக்கம் திரும்பினார்கள். அந்த ஆவலும் தீனுக்காகவேயன்றித் தமக்காக அன்று. ஆயினும் வஹீ இறங்கியது. பார்வையற்றவருக்கு அந்த முகச்சுளிப்பு தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் காணாத ஒன்றுக்காக, அவர் முறையிடாத ஒன்றுக்காக, கியாமத் நாள் வரை ஓதப்படும் வசனங்களை அல்லாஹ் இறக்கினான். இதற்குப் பின் அவர் வரும்போதெல்லாம் நாயகம் அவர்கள் அவரைக் கண்ணியத்தோடு வரவேற்று, என்ன தேவை என்று விசாரிப்பார்கள் எனத் தஃப்ஸீர் நூல்களில் காண்கிறோம். பஜ்ருக்கு பாங்கு சொல்லும் பொறுப்பு அவருக்கு இருந்தது. தாம் வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பதவி, பொறுப்பு, வேலை! அனுதாபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை பெருமானார்.

அவர்களின் தோழர்களும் கற்றுக்கொண்டார்கள். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரோடு வாய்த்தகராறில் அவருடைய தாயைச் சொல்லி இழித்துவிட்டார்கள். அவர் பிலால் (ரலி) என்று சில அறிவிப்புகளில் உள்ளது. உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்ற கருத்தில் நாயகம் அவர்கள் கடிந்து, உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், உண்பதில் உண்ணக் கொடுங்கள், உடுப்பதில் உடுக்கக் கொடுங்கள் என உபதேசித்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ரபதா என்னும் இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்த மஃரூர் என்பவர், அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரே வகை உடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அதற்கு விடையாகத்தான் அபூதர் (ரலி) மேற்சொன்ன சம்பவத்தைச் சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது.

பிலால் (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டாலே நம் கண்கள் கலங்குகின்றன. மக்கா வெற்றியின்போது கஃபாவின் மீதேறி பாங்கு சொன்னதை எத்தனை மௌலித் மஜ்லிஸ்களில், எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! நம் பகுதியில் பல பள்ளிகளில் மோதினாருக்கு உதவியாக இருப்பவரைப் பிலால் என்றே அழைப்பது வழக்கம். எவ்வளவு உயர்ந்த பெயர்! ஆனால் அந்தப் பிலாலுக்கு நாம் கொடுக்கும் சம்பளம் என்ன? அவர் பெற்றோர் வைத்த பெயர் ஜமாஅத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது? ஹவுளில் தண்ணீர் இல்லாவிட்டால் அவரை அதட்டத் தெரிகிறது. நாலு நாள் அவர் காய்ச்சலில் படுத்திருந்தால், பாங்கு வேறு குரலில் கேட்கிறதே என்று பக்கத்தில் நிற்பவரிடமாவது கேட்டோமா? ஸஃப்பில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறோம். வலப்புறமும் இடப்புறமும் ஸலாம் கொடுத்து முடித்ததும் அந்தத் தோள்கள் தூரமாகிவிடுகின்றன.

வலீமா விருந்துகளையும் பார்ப்போம். செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் கெட்டது என்ற ஹதீஸ் பெரும்பாலோருக்குத் தெரியும். நம் கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் அழகிய வழக்கம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கண்டு வியக்கிறார்கள். அந்தச் சஹனில் யார் யாருடன் அமர்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? பந்தல் போட்டவர், தேக்சா கழுவியவர், கப்ருக் குழி வெட்டுபவர், ஊர்ப் பிள்ளைகளுக்கு சுன்னத் செய்த ஒஸ்தா குடும்பத்தார், இவர்களெல்லாம் கடைசிப் பந்தியில் அல்லது அடுப்பங்கரைப் பக்கம் என்று எழுதாத சட்டம் சில ஊர்களில் இருக்கிறதே, அதை எழுதியவர் யார்? குர்ஆன் அல்ல, ஹதீஸும் அல்ல.

சிறுபான்மையினராகிய நாம் அரசாங்கத்திடம் நம் அடையாளத்தை, நம் கல்வி நிலையங்களை மதிக்கும்படி கேட்கிறோம். அரசியல் சட்டத்தின் 29, 30ஆம் ஷரத்துகள் அதற்கு உரிமை தருகின்றன. கேட்பது நியாயமே, கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். கனடாவின் டெய்லர் எழுதியதும், ஆங்கிலம் பேசும் நாட்டுக்குள் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்து மக்கள் தம் மொழிக்கும் வாழ்வுக்கும் கேட்ட அங்கீகாரத்தை மனத்தில் வைத்துத்தான். ஆனால் கோட்டையின் வாசலில் நின்று கேட்பதை, நம் வீட்டுப் பின்வாசலில் நிற்பவர் நம்மிடம் கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? வீட்டு வேலைக்கு வரும் அறுபது வயது அம்மையாரை நம் பத்து வயதுப் பிள்ளை ‘வா, போ’ என்று பெயர் சொல்லி அழைக்கிறது. தாய் தகப்பன் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மெம்ஃபிஸில் ‘பையா’ என்று அழைத்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சொல்லை வீட்டில்தான் படித்தார்கள்.

அமெரிக்கப் பேராசிரியை நான்சி ஃபிரேசர் இந்த விவாதத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சேர்த்தார். மதிப்பு, மதிப்பு என்று பேசிக்கொண்டே கூலியையும் செல்வப் பங்கீட்டையும் மறந்துவிடக் கூடாது, நீதிக்கு இரண்டும் வேண்டும் என்றார். இதைப் பற்றி அவரும் ஹொன்னத்தும் எதிரும் புதிருமாக வாதித்து 2003இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். ஃபிரேசர் பக்கம் நியாயம் அதிகம் என்பது நம் கருத்து. மோதினாரை அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத் என்று குனிந்து கும்பிடாத குறையாக விளித்துவிட்டு, மாதச் சம்பளத்தை இருபதாம் தேதி வரை இழுத்தடிப்பதும் அவமதிப்புதான். அதுபோலவே கையில் பணத்தைக் கொடுத்து முகத்தில் அடிப்பதும் அநியாயம்தான்.

இந்தப் பின்னதைப் பற்றித் திருமறை வெகு கடுமையாகப் பேசுகிறது. பகரா அத்தியாயத்தின் 262 முதல் 264 வரையுள்ள ஆயத்துகளைப் பாருங்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் மனத்தை நோகடிப்பதும் தருமத்தையே பாழாக்கிவிடும் என்கிறது. வழவழப்பான பாறையின் மீது படிந்த மண்ணைப் பெருமழை அடித்துச் சென்று வெறும் பாறையாக விட்டுவிடுவதை உவமை காட்டுகிறது. நோவினை தொடரும் தருமத்தைவிட அன்பான ஒரு சொல்லே மேல் என்றும் சொல்கிறது. கொடுத்த பணம் ஏழையின் கைக்குச் சேர்ந்துவிட்டது, அவன் வயிறும் நிறைந்துவிட்டது. அப்படியிருந்தும் கொடுத்தவனின் ஏட்டில் ஒன்றுமில்லை! ஏன்? பொருளை மட்டும் கொடுத்தான், அவனுக்குரிய கண்ணியத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

ரமலான் பிறை 27 வந்துவிட்டால் சில பெரிய வீடுகளின் வாசலில் என்ன நடக்கிறது? காலை முதல் வெயிலில் நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையில். கையில் டோக்கன். உள்ளிருந்து ஒருவர் வந்து வரிசையாக நிற்கும்படி அதட்டுகிறார். ஒரு சேலை, அல்லது ஒரு நோட்டு. போன வருடம் வாங்கிய முகமா என்று ஒரு பார்வை. இப்போது புதிதாக இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. கொடுப்பவரும் வாங்குபவரும் பொருளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். வாங்கும் பெண்ணின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலும் அந்தப் படம் போய்ச் சேர்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி உட்காரும்? வலக்கரம் கொடுப்பது இடக்கரத்துக்குத் தெரியாதபடி கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று சொன்ன நாயகத்தின் உம்மத்தில், வலக்கரம் கொடுப்பது மூன்று மாவட்டத்துக்குத் தெரிகிறது. அறக்கட்டளைகள் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பார்கள். கணக்கை ரசீதில் காட்டலாம், முகத்தில் காட்ட வேண்டியதில்லை.

ஜகாத் செல்வந்தரின் தயவு அன்று, அவர்களுடைய செல்வத்தில் கேட்பவனுக்கும் கேட்கக் கூசுபவனுக்கும் உள்ள ஹக்கு என்றே குர்ஆன் சொல்கிறது. ஹக்கைக் கொடுக்கப் போகிறவன் கடன்காரனைப் போலத் தானே தேடிச் செல்ல வேண்டும். வரிசையில் நிற்க வைக்கும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

வாசகர்கள் சிலர் அடிக்கடி கேட்கும் ஒரு மஸ்அலா இதோடு சம்பந்தப்பட்டது. ஜகாத் கொடுக்கும்போது இது ஜகாத் என்று வாங்குபவரிடம் சொல்லத்தான் வேண்டுமா, சொல்லாவிட்டால் நிறைவேறாதா என்று கேட்கிறார்கள். சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவரின் நிய்யத் இருந்தால் போதும். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் இதுவே சரியான சொல். வாங்குபவர் ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் என்பது மட்டும் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹனஃபி கிதாபுகளில், மனத்தில் ஜகாத் என்று நிய்யத் வைத்துக்கொண்டு வாயால் அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுத்தாலும் நிறைவேறிவிடும் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஓர் உறையில் வைத்து, இஷாவுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நீங்களே போய், பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம். போகும்போது அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் தேநீர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்து குடித்துவிட்டும் வரலாம்.